செந்தூல் வீட்டில் டைல்ஸுக்குள் போன ஸ்டாப் வால்வு

வணக்கம் சகோ. டைல்ஸ் மாற்றிய ஆள் ஸ்டாப் வால்வையும் (தண்ணீரை அடைக்கும் வால்வு) சேர்த்துப் பூசிவிட்டார், கண்டுபிடிக்க ஸ்டட் ஃபைண்டர் (சுவருக்குள் இருக்கும் சட்டத்தைத் தேடும் கருவி) வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சாதாரண ஸ்டட் ஃபைண்டர் வேண்டாம். அது ஜிப்சம் பலகைச் சுவருக்கானது. உங்கள் செங்கல் சுவரில் சும்மா கத்தும்.

காந்தமும் ஏமாற்றும். பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) என்றால் ஒட்டும், பித்தளை வால்வில் ஒட்டாது. பித்தளையையும் காட்டும் வால் ஸ்கேனரை (சுவருக்குள் இருப்பதைக் காட்டும் கருவி) இரவல் வாங்குங்கள். மெட்டல் மோடில் வைத்து, குறுக்கே ஒரு தடவை, மேலிருந்து கீழே ஒரு தடவை மெதுவாக நகர்த்துங்கள். இரண்டு தடவையும் மெட்டல் காட்டிய கோடுகள் வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிவிசி பைப் இதில் தெரியாது, ஆனால் நமக்கு வேண்டியது வால்வுதானே.

சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஷவர் பக்கத்திலேயே ஹீட்டர் இருந்தால் சுவருக்குள் ஓடுவது பச்சைத் தண்ணீர்தான், படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

அப்புறம், டேப் ஒட்டிய இடத்தைக் காசால் தட்டிப் பாருங்கள். என் வீட்டில் வால்வைச் சுற்றிச் சிமெண்டு சரியாக நிரம்பாமல், அந்த ஒரு டைல் மட்டும் ‘டொக் டொக்’ என்றது. உடைக்கும்முன் ஹீட்டருக்குப் போகும் கரண்டை மெயினில் அடைத்துவிடுங்கள்; ஒயரும் மெட்டலாகத்தான் காட்டும்.