"எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்று சொல்லிப் பூங்காவில் நாயை அவிழ்த்துவிடுபவரிடம் என்ன சொல்வது? கடித்துவிட்டால் என்ன செய்வது?

"எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்று சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. வீட்டு முற்றத்தில், தெரிந்த முகங்களுக்கு நடுவே, அந்த நாய் இதுவரை யாரையும் எதுவும் செய்யாமல்தான் இருந்திருக்கும். ஆனால் பூங்காவில் பந்து உருள்கிறது, குழந்தை கூச்சலிட்டு ஓடுகிறது, கைத்தடி ஊன்றிய பெரியவர் எதிரே வருகிறார், மழைத் தூறலுக்கு யாரோ சட்டென்று குடையை விரிக்கிறார். இவற்றில் எது தன் நாயை வெருட்டும் என்பது வளர்ப்பவருக்கே தெரியாது. எதிரே வரும் அந்நியருக்கு எப்படித் தெரியும்? ஆகவே நாயின் குணத்தைப் பற்றி வாதாடாதீர்கள். "உங்கள் நாயை நான் குறை சொல்லவில்லை சார், எனக்குப் பயமாக இருக்கிறது, தயவுசெய்து கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பொது இடத்தில் பயப்படுபவர் தம் பயத்துக்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. மறுத்தால், அப்போதே பூங்காக் காவலரிடம் சொல்லிவிடுங்கள்.

நான் குன்னூரில் வசிப்பவள். அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டிலும் நாய் உண்டு. நாய்க்கடிக்கு ஊசி போட வருபவர்களில் தெருநாய் கடித்தவர்கள் மட்டுமல்ல, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும் வளர்ப்பு நாய்கள் கடித்தவர்களும் வந்துகொண்டேதான் இருந்தார்கள். பெரியவர்களுக்குக் காயம் பெரும்பாலும் காலிலும் கையிலும் இருக்கும். சிறு குழந்தைகளுக்கு அது முகத்திலும் கழுத்திலும் இருக்கும், ஏனென்றால் அவர்களுடைய முகம் நாயின் வாய்க்கு நேர் உயரத்தில் இருக்கிறது. மூளைக்கு அருகில் கடிபட்டால் வெறிநோய்க் கிருமி மூளையை எட்டும் காலமும் குறைகிறது. ஆகவே குழந்தைகள் விளையாடும் இடத்தில் நாயை அவிழ்த்துவிடுவதை என்னால் சிறு தவறாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் மத்திய அரசு 23 வகை நாய்களை வளர்க்கவும் விற்கவும் அனுமதிக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது; ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனப்பட்டியலை வைத்து இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடலாம் என்று நான் நம்பவில்லை. பெரிய நாய் கடித்தால் காயம் பெரிதாக இருக்கும், அது உண்மை. ஆனால் பட்டியலில் இல்லாத நாயும் கயிறில்லாமல் விட்டால் கடிக்கும். பட்டியலில் உள்ள நாயும் வாய்மூடி அணிவித்து, அதை இழுத்துப் பிடிக்கும் வலுவுள்ள ஒருவர் கையில் இருந்தால் யாருக்கும் தீங்கு செய்யாது.

மலை ஊர்களில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை இறங்கி வருவது அன்றாடக் காட்சி. நாம் ஒதுங்கி நின்றால் அது தன் வழியே போய்விடும். அவிழ்த்துவிட்ட நாய் குரைத்துக்கொண்டு அதன் காலடிக்கு ஓடினால் அது மிரண்டு திரும்புகிறது. அந்த நேரத்தில் அந்தப் பாதையில் நடந்து வருபவர் நாயோடு எந்தத் தொடர்பும் இல்லாத தோட்டத் தொழிலாளியாக இருப்பார். சிறுத்தை இரவில் குடியிருப்புக்குள் வருவதற்கு நாய்களும் ஒரு காரணம் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். சமவெளியிலிருந்து நாயோடு வருபவர்கள் "இவ்வளவு இடம் இருக்கிறதே, ஓடட்டும்" என்று நினைப்பது புரிகிறது; ஆனால் அந்த இடம் காலியான இடமில்லை.

நாய் பாய்ந்து வரும்போது ஓடாதீர்கள், ஓடினால் துரத்தும். கைகளை உடலோடு ஒட்டிவைத்து, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல் அசையாது நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். பையோ குடையோ இருந்தால் இருவருக்கும் நடுவில் பிடியுங்கள். கீழே விழுந்துவிட்டால் உடலைச் சுருட்டி, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் தண்ணீரைத் தேடுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். கிருமியின் பெரும்பகுதியைக் காயத்திலேயே ஒழிக்கும் வாய்ப்பு அந்தக் கழுவலில்தான் இருக்கிறது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வெறிநாய்க்கடி ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். தோலினுள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்றும், தசையில் போடும் முறையில் அவற்றோடு 14-ஆம் நாளும் சேர்த்தும் போடுவார்கள். பல் ஆழப் பதிந்து இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டும். அதை மறக்காமல் கேளுங்கள். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயத்தில் இன்றும் சிலர் தள்ளிப்போடுகிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி நம் நாட்டில் 2004-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். வெறிநாய்க்கடி மருந்துக்காகவே 1907-இல் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கும் ஊர் எங்கள் ஊர், அதுவும் சிம்ஸ் பூங்காவின் அருகிலேயே இருக்கிறது. இந்த ஊரிலேயே அந்தப் பயத்தைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

கடித்ததைவிட எனக்குப் பெரிய குற்றமாகப் படுவது, கடித்த பிறகு உரிமையாளர் நழுவிப்போவது. காரணத்தைச் சொல்கிறேன். வெறிநோய் பிடித்த நாயின் எச்சிலில் கிருமி வரத் தொடங்கிய சில நாள்களில் அந்த நாய்க்கே நோய் வெளிப்பட்டு, அது இறந்துவிடும். ஆகவே கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்கிறார்கள். பத்து நாள் கழித்தும் அது உண்டு, உறங்கி, நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். ஊசியை உடனே தொடங்கிவிட வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் பத்தாம் நாள் கிடைக்கும் அந்தச் செய்தியை வைத்து மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவெடுக்க முடியும், கடிபட்டவரும் நிம்மதியாகத் தூங்க முடியும். அந்தச் செய்தியைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர், நாயை வளர்ப்பவர்.

எங்கள் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்கு இதுதான் நடந்தது. சென்ற சீசன் நேரத்தில், நடைப்பயிற்சிக்குப் போன பூங்காவில், வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் நாய் அவருடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அவர்கள் நாயை இழுத்துக்கொண்டு, "ஊசியெல்லாம் போட்டிருக்கிறோம் ஆன்ட்டி, பயப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் பெஞ்சில் உட்கார்ந்து புடவையை விலக்கிக் காயத்தைப் பார்ப்பதற்குள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். பெயரில்லை, தொலைபேசி எண் இல்லை, தடுப்பூசி அட்டையைக் கண்ணால் பார்க்கவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. புண் ஆற வெகுநாளாயிற்று. எல்லா ஊசிகளையும் முறையாகப் போட்டுக்கொண்ட பிறகும், காலில் சிறிது மதமதப்பு வந்தால் போதும், என்னைக் கூப்பிட்டு "இது அதுவாக இருக்குமோம்மா?" என்று கேட்பார். அந்தக் குடும்பம் ஒரு எண்ணைக் கொடுத்திருந்தால், பதினோராம் நாள் ஒரே ஒரு அழைப்பில் அந்தப் பயம் தீர்ந்திருக்கும். அவர்கள் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. செலவுக்கும் காவல் நிலையத்துக்கும் பயந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பயத்தின் சுமையை இவர் தூக்கவேண்டியதாயிற்று.

ஆகவே கடிபட்டவருடன் இருப்பவர்கள், ஒருவர் காயத்தைக் கழுவும்போதே இன்னொருவர் நாயையும் அதை வைத்திருப்பவரையும் வண்டி எண்ணையும் படம் எடுத்துவிடுங்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். பிறகு காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 291-ஆவது பிரிவு, தம் பொறுப்பில் உள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி போதிய கவனம் எடுக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. நாய் கடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை, கவனக்குறைவே குற்றம். புகார் கொடுத்தால் நாயைக் கொன்றுவிடுவார்களோ என்று தயங்குபவர்களும் உண்டு. இந்தப் பிரிவு தண்டிப்பது மனிதரைத்தான்.

நாய் வளர்க்கும் நாங்கள் செய்ய வேண்டியது கடினமானதில்லை. நீண்டுகொண்டே போகும் கயிற்றுக்குப் பதிலாகக் குட்டைக் கயிறு, ஆண்டுதோறும் தடுப்பூசி, அந்த அட்டையின் படம் எப்போதும் கைபேசியில். கடித்துவிட்டால் அங்கேயே நின்று, எண்ணைக் கொடுத்து, கூடவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெளியூரிலிருந்து வருபவர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகிவிட்டது. வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்குகிறார்கள் என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். நாய் உடன் வருகிறதா, கடைசியாக வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி என்ன என்று இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்ப்பது பெரிய வேலையில்லை. அது இருந்திருந்தால், வண்டி எண்ணை மட்டும் வைத்தே டீச்சரம்மாவைக் கடித்த நாய் பத்தாம் நாள் எப்படி இருந்தது என்று விசாரித்துச் சொல்லியிருக்கலாம். இதை மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுக்க இருக்கிறேன். நீங்கள் கொடைக்கானல் பக்கம் இருந்தால் திண்டுக்கல்லில் அதே மனுவைக் கொடுங்கள்.