கோவிட் உச்சத்தில் மலேசிய அரசு மருத்துவமனைகள் திணறியதற்குக் கட்டில் போதாததுதான் காரணமா? தோட்டப்புறங்களில் நிலைமை எப்படி? தனியார் கைகொடுத்தார்களா?

நான் பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப்புறப் பெண். அப்பா தோட்டத்தில் டிரஸ்ஸராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக இருந்தவர். நான் அரசு மருத்துவமனைத் தாதி, கோவிட் காலம் முழுக்க வார்டில்தான் இருந்தேன். எந்த மருத்துவமனை என்பதை விட்டுவிடுவோம், இன்னும் சம்பளம் அங்கேதான்.

கட்டில் போதவில்லை என்பது கால்வாசி உண்மை. கட்டில் போடுவதா பெரிய வேலை? செர்டாங்கில் மேப்ஸ் கண்காட்சி மண்டபத்துக்குள் ஆயிரக்கணக்கில் போட்டார்களே. ஆனால் அங்கே படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் எழுந்து நடமாடக்கூடியவர்கள். இங்கே நோயாளிகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். அறிகுறி இல்லாதவர் ஒன்று, லேசான அறிகுறி இரண்டு, நுரையீரலில் இறங்கிவிட்டால் மூன்று, ஆக்சிஜன் வேண்டியவர் நான்கு, வென்டிலேட்டர் ஐந்து. நெருக்கடியெல்லாம் நான்கிலும் ஐந்திலும்தான்.

ஆக்சிஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுயர சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். மாஸ்க் வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் ஏழரை மணி நேரம் தாங்கும். ‘ஹை ஃப்ளோ’ கருவி மாட்டினால் நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும், அதே சிலிண்டர் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. சுவரில் குழாய் இல்லாத கட்டில் என்றால் இராத்திரி முழுக்க நோயாளி முகத்தையும் சிலிண்டர் முள்ளையும் மாறி மாறிப் பார்க்கவேண்டியதுதான்.

அடுத்தது ஆள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒரு தாதி என்பது கணக்கு. அவரைக் குப்புறப் படுக்கவைக்க ஐந்தாறு பேர் வேண்டும். தலைமாட்டில் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று சொல்வார், மற்றவர்கள் ஒரே மூச்சில் புரட்டுவோம். இதெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் உடைக்குள். கழிவறைக்குப் போகமுடியாது என்று தண்ணீரே குடிக்காமல் உள்ளே போவோம். ஓடியாடியவர்களில் பலர், 2016 கடைசியில் வந்த ஒப்பந்த முறையில் சேர்ந்த இளம் டாக்டர்கள். 2021 ஜூலை 26 அன்று அவர்கள் நிரந்தர வேலை கேட்டு ஹர்த்தால் என்று வெளியே வந்து நின்றபோது, “இந்த நேரத்திலா?” என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சும்மா இருந்த காலத்தில் கேட்டபோது யார் காதில் விழுந்தது?

மூன்றாவது, எத்தனை நாள் படுக்கிறார்கள் என்பது. நாளைக்குப் பத்துப் பேர் வந்து ஆளுக்குப் பத்து நாள் தங்கினால் நூறு கட்டில் வேண்டும். 2020-ல் தொற்று உறுதியான எல்லாரையும், தும்மல்கூட இல்லாதவரையும், மருத்துவமனையில் சேர்த்தார்கள். எண்ணிக்கை ஏறவும் 2021 ஜனவரியில் லேசானவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள். சரியான முடிவுதான். ஆனால் அந்தப் பாரம் வீட்டின் தலையில் விழுந்தது. லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஆறு பேருக்கு ஒரு கழிவறை. மைசெஜாத்ரா என்ற அரசாங்கக் கைப்பேசிச் செயலியில் தினமும் உடல்நிலையைப் பதியவேண்டும், லைன் கிடைத்தால்.

அப்பா காலத்தில் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்தில், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பேர் கூப்பிடுவார். ஆள் வரவில்லையென்றால் டிரஸ்ஸர் லயத்துக்கே போய் வாசலில் நின்று என்ன ஏது என்று பார்ப்பார். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது, தோட்டங்கள் துண்டுபட்டன, சனங்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு நகர்ந்தார்கள். பல தோட்டங்களில் அந்த ஆளே இல்லாமல் போய்விட்டார். கோவிட்டில் எங்களுக்கு வேண்டியிருந்தது அவர்தான், விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் விரல்மானியோடு.

செம்பனை லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் தானே நடந்து வந்தார். “வெறும் சளிதான் மிஸ்ஸி, தங்கச்சி தொல்லை தாங்காம வந்தேன்.” விரலில் மாட்டினால் ஆக்சிஜன் 82 விழுக்காடுதான். மூச்சு வாங்கவில்லை, பேச்சு குழறவில்லை, கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். இந்த நோயின் நயவஞ்சகம் அது. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாகும்வரை சாயங்காலம் மட்டும் எங்களோடு இருந்துவிட்டுப் போனார், பிழைத்துக்கொண்டார். தங்கச்சி நச்சரிக்காத வீடுகளை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பாடு இன்னும் மோசம். 2020 மே மாதம் கோலாலம்பூரில் குடிநுழைவுத் துறை, பத்திரம் இல்லாத வெளிநாட்டவர்களை அள்ளிக்கொண்டு போன செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியிருந்தது. காய்ச்சலோடு கிடந்தாலும் வெளியே தலைகாட்டமாட்டார்கள்.

அதனால் கட்டில் நிரம்பிய விகிதத்தை வைத்து மட்டும் ஒரு மருத்துவமனை நன்றாகச் செய்ததா என்று தீர்ப்புச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 2021-ல் சுகாதார அமைச்சின் அறிக்கைகளில், மருத்துவமனைக்குக் கொண்டுவரும் முன்பே இறந்தவர்கள் என்று ஒரு தனி எண் வந்தது. அவர்கள் எந்தக் கட்டிலையும் நிரப்பவில்லை.

அந்த ஆண்டின் உச்சம் 2021 ஆகஸ்ட் 26, ஒரே நாளில் 24,599 தொற்று. அதன்பிறகு வார்டு காலியானதற்கு என் கணிப்பில் முதல் காரணம் ஊசி. அக்டோபருக்குள் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் ஊசியை முழுதாகப் போட்டுக்கொண்டார்கள், 11-ஆம் தேதி மாநிலம் விட்டு மாநிலம் போகவும் விட்டார்கள்.

தனியார் கைகொடுக்கவில்லை என்று சொன்னால் பொய். கோவிட் இல்லாத அரசு நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள், பிறகு கோவிட் நோயாளிகளையும்தான். ஆனால் அந்த மருத்துவமனைகள் இருப்பது ஈப்போ மாதிரி நகரங்களில். நேரடியாக அங்கே போய்ச் சேர நினைக்கும் தோட்டத்து ஆளுக்கு முதல் கவலை ஈப்போவுக்கு வண்டி, அடுத்தது டெபாசிட்.