எலைசாவில் இரட்டைக் குழிகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி: காட்பாடியில் ஆராய்ச்சி மாணவி நான். சுண்டெலி சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதத்தை எலைசாவில் (ஆன்டிபாடியால் பிடித்து, நிறத்தை வைத்து அளக்கும் சோதனை) அளக்கிறேன். ஒரே சாம்பிளை இரண்டு குழிகளில் விட்டாலும் அளவு ஒட்டுவதில்லை. போன மாதம் பார்த்த சாம்பிளையே இப்போது பார்த்தால் பாதிதான் வருகிறது. கிட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஒரே பிளேட்டில் இரட்டைக் குழிகள் முரண்பட்டால் பிப்பெட், கழுவுதல், சூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாதத்துக்கு மாதம் அளவு மாறினால் சாம்பிளையும், ஒப்பிட்டுப் பார்க்கும் அளவு தெரிந்த கரைசலான ஸ்டாண்டர்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் கழுவுதல். குழிக்கு 300 மைக்ரோலிட்டர் பஃபர் நிரப்பி, அரை நிமிடம் ஊறவிட்டு, கவிழ்த்து, புது டிஷ்யூ பேப்பர் மேல் நன்றாகத் தட்டுங்கள். அப்புறம் பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எந்தக் குழியிலாவது துளி தேங்கியிருந்தால் மறுபடி தட்டுங்கள். கழுவப்படாமல் ஒட்டிக்கொண்ட என்சைம் கடைசியில் நிறமாக வந்து நிற்கும். அதற்காகக் குழிகளை உலரவிட்டுவிடாதீர்கள். சீரம் கொழகொழப்பானது, டிப்பை ஒருமுறை அதில் நனைத்துவிட்டு அளந்தால் அளவு சரியாக இறங்கும்.

அடுத்தது நம் ஊர் வெயில். கிட் கையேட்டில் அறை வெப்பநிலை என்றால் ஏறக்குறைய 20 முதல் 25 டிகிரி. கத்திரி நாட்களில் ஏசி ஓடாத வேலூர் அறைக்கு அது பொருந்தவே பொருந்தாது. சூட்டில் டிஎம்பி (என்சைம் பட்டால் நிறம் மாறும் கரைசல்) வேகமாக நீலமாகும், பின்னணி நிறமும் ஏறும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பிளேட்டில் உடனே வேலையைத் தொடங்கினால் ஓரக் குழிகள் முதலில் சூடாகும், நடுக்குழிகள் பின்தங்கும். உங்கள் முரண்பாடு ஓரங்களில் மட்டும் தெரிகிறதா என்று பழைய ரீடிங்குகளைப் புரட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு தொடங்குங்கள். ஊறவிடும் நேரத்தில் சீலர் ஒட்டி, ஏசிக் காற்று நேராகப் படாத மேசையில் வையுங்கள்.

சரி, பாதியாகக் குறைந்த அளவுக்கு வருவோம். ஸ்டாண்டர்டு கெட்டிருந்தால் சாம்பிளின் அளவு கூடித்தான் தெரியும். உங்களுக்குக் குறைந்திருப்பதால் என் முதல் சந்தேகம் சாம்பிள் மேல். ஸ்டாண்டர்டின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறியதா என்பதையும் பாருங்கள். 25 கிராம் சுண்டெலியின் உடம்பில் மொத்த ரத்தமே 2 மில்லிக்குள்தான். அதை உயிரோடு வைத்துக்கொண்டு ஒரு தடவைக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் எடுக்கலாம். அதனால் ஒரே டியூபை உருக்கி, மறுபடி உறையவைத்து, இழுத்துப் பிடித்து ஓட்டும் பழக்கம் வந்துவிடுகிறது. சீரம் பிரித்த அன்றே சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு பங்கு, ஒரு பிளேட். ஒரு தடவைகூட உருகாத பங்கு மிச்சமிருந்தால், உருகியதையும் அதையும் ஒரே பிளேட்டில் போடுங்கள், விஷயம் தெரிந்துவிடும்.

சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் ரத்த அணுக்கள் உடைந்திருக்கின்றன. அதிலிருந்து வரும் ஹீமோகுளோபினுக்கு, எலைசாவில் நிறம் தரும் பெராக்சிடேஸ் என்சைம் போன்ற குணம் உண்டு, அது முடிவைக் குழப்பலாம். அந்தச் சாம்பிள்களை எப்படி நடத்துவது என்பதை ரீடிங் பார்ப்பதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். பஃபரில் சோடியம் அசைடு இருக்கவே கூடாது, அது எச்ஆர்பி என்ற அந்த நிறம் தரும் பெராக்சிடேஸை முடக்கிவிடும். பிற்பாடு கிட் இல்லாமல் சொந்தமாக ஆன்டிபாடி ஜோடி சேர்க்கப் போனால், சுண்டெலி ஐஜிஜியை (ரத்தத்தில் இயல்பாக இருக்கும் ஆன்டிபாடி) பிடிக்கும் செகண்டரி ஆன்டிபாடியைத் தவிருங்கள். சீரத்தில் இருக்கும் ஐஜிஜியையே அது பிடித்துக்கொள்ளும். பயோட்டின் ஒட்டிய ஆன்டிபாடியும், பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடினும் பாதுகாப்பானவை.

ஒவ்வொரு பிளேட்டிலும் ஸ்டாண்டர்டு வளைவு (நிறத்தை அளவாக மாற்ற உதவும் கோடு) தனியாகப் போடுங்கள். பழைய வளைவைக் கடன் வாங்கக் கூடாது. நேர்கோட்டைவிட எஸ் வடிவ நாலு அளவுரு வளைவுதான் பொருந்தும். நோயில்லாத சுண்டெலியில் ஐஎல்-6 பெரும்பாலும் மிகக் குறைவு. மிகக் குறைந்த ஸ்டாண்டர்டுக்குக் கீழே வந்ததை எண்ணாக எழுதாமல், அளவிடும் எல்லைக்குக் கீழே என்றே எழுதுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். மிச்ச சீரங்களை ஒன்றாகக் கலந்து, ஐஎல்-6 ஸ்டாண்டர்டு கொஞ்சம் சேர்த்து, ஓரத்தில் நாலு குழி, நடுவில் நாலு குழி விடுங்கள். எட்டுக்குள்ளும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் நின்றால் உங்கள் கை சரி. மிச்சமிருக்கும் கலவையைப் பங்கு பிரித்து உறையவைத்து, இனி ஒவ்வொரு பிளேட்டிலும் கன்ட்ரோலாகப் போடுங்கள்.