வானிலையை ஆயுதமாக்கும் வில்லன் சினிமாவில் மட்டும்தானா?

இல்லை, நிஜத்திலும் நடந்திருக்கிறது. படங்களில் ஒருவன் செயற்கைக்கோளை வைத்துப் புயலைக் கிளப்புவான், விஞ்ஞானி கடைசி நிமிடத்தில் தடுப்பார். வியட்நாம் போரில் அந்த வில்லன் வேலையைச் செய்தது அமெரிக்க அரசேதான். 1967 முதல் 1972 வரை, வட வியட்நாம் படைகளுக்குப் பொருட்கள் போன ஹோ சி மின் பாதைக்கு மேலே இருந்த மேகங்களில் சில்வர் அயோடைடு என்ற வேதிப்பொருளைத் தூவி, பருவமழையை நீட்டி, பாதையைச் சேறாக்கி லாரிகளை முடக்கப் பார்த்தார்கள். ஆபரேஷன் பாப்பாய் என்று பெயர். இப்படித் தூவுவதற்கு மேக விதைப்பு என்று பெயர்; அது இருக்கிற மேகத்தைத்தான் தூண்டும், படத்தில் வருவதுபோல் புயலை உண்டாக்காது.

சரி, ஹீரோ யார்? என்னைக் கேட்டால் அமெரிக்க செனட்டர் கிளெய்போர்ன் பெல். விடாமல் கேள்வி கேட்டு, 1974இல் விசாரணை நடத்தி உண்மையை வெளியே கொண்டுவந்தார். வானிலையை மாற்றிப் பெரும் பாதிப்பு உண்டாக்கும் போர்முறையைத் தடைசெய்யும் ஐ.நா. உடன்படிக்கை 1978இல் நடைமுறைக்கு வந்தது.