குதிரையைப் பழக்குவது எப்படி? ரோடியோ வாழ்க்கையில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேட்டவர் இரண்டையும் சேர்த்தே கேட்டிருக்கிறார். குதிரையோடு எப்படி நெருக்கமாவது, எப்படிப் பழக்குவது என்பது ஒன்று. ரோடியோ என்பது குதிரையேற்றம், கயிறு வீசுதல், காளை அடக்குதல் எல்லாம் சேர்ந்த அமெரிக்கப் பண்ணை விளையாட்டு; உதைபட்டு எலும்பு முறிந்தும் அதை விடாதவர்களை எது இழுக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பது என் கட்சி.

நான் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு வடமேற்கே, ஊர் தேய்ந்து மேய்ச்சல் நிலம் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறேன். பேரல் ரேசிங், அதாவது பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை ஓட்டுகிற பந்தயம், கற்றுக்கொள்வது என் மகள். நான் லத்தி அள்ளி, தண்ணீர்த் தொட்டி நிரப்பி, டிரெய்லர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பா. குதிரையேற்றத்தில் எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆனால் வேலியோரமே நிற்கிறவன் கண்ணில் படுகிற சில விஷயங்கள் உண்டு.

பாசத்திலிருந்து ஆரம்பிப்போம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேரட்டும் கையுமாக வருகிறார்கள். ஊட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பு. கையில் கொடுத்தே பழக்கிய குதிரை ஒட்டிக்கொள்ளாது, சட்டைப் பையைக் கடிக்கும். காலங்காலமாக மற்ற விலங்குகளுக்கு இரையாக இருந்து, ஓடிப் பிழைத்த சாதி அது. பக்கத்தில் வருகிற மனிதனிடம் அது எடை போடுவது ஒன்றைத்தான்: இவன் அடுத்து என்ன செய்வான் என்று எனக்குத் தெரியுமா? தெரிந்தால் நிற்கும். தெரியாவிட்டால் அரை டன் உடம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும்.

கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட முழு வட்டமும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம், அந்த இரண்டு இடம்தான் தெரியாது. பார்க்க வருகிற நம் ஆட்கள் சொல்லிவைத்தாற்போல் அங்கேதான் போவார்கள். ஒன்று, முகத்துக்கு நேரே கையை நீட்டுவார்கள். இல்லாவிட்டால் பின்னால் நின்று போட்டோ எடுப்பார்கள்.

மேய்கிற குதிரையை ஒருவர் எப்படிப் பிடித்துக்கொண்டு வருகிறார் என்பதை வைத்தே அவருக்கு எவ்வளவு தெரியும் என்று சொல்லிவிடலாம். மகள் ஓட்டுவது செம்பழுப்பு நிறத்தில் ஒரு காயடித்த குதிரை. வயதானது, எல்லாம் தெரிந்த கள்ளன். குதிரையின் தலையில் மாட்டிக் கூட்டிவருகிற ஹால்டர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அதன் தோள்பட்டையைப் பார்த்துச் சாய்வாக நடப்பாள். ஒரு காது இவள் பக்கம் திரும்பும். உடனே நின்றுவிடுவாள். தலையைத் தூக்கினால் ஓரடி பின்வாங்குவாள். அது மறுபடி புல்லுக்குக் குனிந்ததும் மறுபடி நாலு எட்டு. கடைசித் தூரத்தை அவள் நடப்பதே இல்லை, அதுவே வரும். வந்ததும் முகத்தைத் தடவ மாட்டாள். பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் நகத்தால் நன்றாகச் சொறிவாள். கூட்டாளிக் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வது அந்த இடத்தில்தான். அங்கே சொறிந்தால் குதிரைக்கு இதயத் துடிப்பே குறையும். மேலுதடு நீண்டு, கோணிக்கொண்டு துடிக்கும் பாருங்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அதற்குப் பிறகுதான் ஹால்டர்.

அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளர் ஒரு பெண்மணி, அறுபது தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் கயிறு வீசும் போட்டிகளில் இறங்கியவர். அவர் பாடம் முழுக்க ஒன்றைச் சுற்றித்தான். அழுத்தும்போது குதிரை எதுவும் கற்றுக்கொள்வதில்லை, விடும்போதுதான் கற்றுக்கொள்கிறது. குதிரையின் மார்பில் ஒரு விரலை வைக்க வேண்டும். தள்ளக் கூடாது, வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். உடம்பின் பாரம் பின்னங்காலுக்கு மாறுகிற அந்தக் கணத்தில், குளம்பு இன்னும் தரையை விட்டு எழாதபோதே, விரலை எடுத்துவிட வேண்டும். அரை நொடி தாமதித்தால் அது வேறெதையோ கற்றுக்கொண்டிருக்கும்: தலையைத் தூக்கினால் விட்டுவிடுவார்கள் என்றோ, ஆள் மேல் சாய்ந்தால் விட்டுவிடுவார்கள் என்றோ. மகளிடம் அவர் சத்தம் போடுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். "நீ கேட்டே, அவன் குடுத்துட்டான். இன்னும் எதுக்குப் பிடிச்சிட்டிருக்கே?"

இப்படிப் பழக்குவது ரொம்பப் பழைய வழக்கம் இல்லை. அமெரிக்க மேற்கின் பண்ணைகளில் முன்பெல்லாம் பழகாத குதிரையைக் கம்பத்தில் கட்டுவார்கள், ஒரு பின்னங்காலைத் தூக்கிக் கட்டுவார்கள், அது துள்ளி ஓய்கிறவரை மேலே ஒருவன் உட்கார்ந்திருப்பான். குதிரைகள் நிறைய, நேரம் குறைச்சல், ஆளோ கூலிக்கு வந்தவன். ஆரிகன் மாநிலத்தில் 1910ல் பிறந்த டாம் டோரன்ஸ், அவரிடம் கற்ற ரே ஹன்ட் போன்ற பண்ணைக்காரர்கள்தான் இதை மாற்றினார்கள். ஹன்ட் ஊர் ஊராகப் போய் முகாம் நடத்தி, ஆட்களைக் குதிரைக்குப் பழக்கினார் என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் இங்கே இரண்டு வயதிலேயே சேணம் போட்டு ஏறிவிடுகிறார்கள். எலும்பு முழுதாக முற்ற ஐந்தாறு வயதாகும் என்பதால் எனக்கு அதில் சம்மதம் இல்லை. லாயத்தில் சொன்னால் தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

பேரல் ரேசிங் பற்றிக் கொஞ்சம். மூன்று பீப்பாய்களை முக்கோணமாக வைத்திருப்பார்கள். முழு அளவுக் களத்தில் முதல் இரண்டுக்கும் நடுவே 90 அடி, அங்கிருந்து மூன்றாவதுக்கு 105 அடி. ஒவ்வொன்றையும் சுற்றிவிட்டு வந்த வழியே நாலுகால் பாய்ச்சலில் திரும்ப வேண்டும். நல்ல குதிரைக்கு 17 நொடி போதும். பீப்பாய் ஒன்று விழுந்தால் 5 நொடி கூட்டிவிடுவார்கள், அதோடு அன்றைய கதை முடிந்தது. இந்த 17 நொடிக்காக மாதக்கணக்கில் நடையிலேயே சுற்றுவார்கள். எந்த இடத்தில் மூக்கு உள்ளே திரும்புகிறது, எந்தக் குளம்பு முதலில் விழுகிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கடைசியாகத்தான் வேகம். அதற்கும் மேல் ஒலிபெருக்கி, கொடி, கூட்டம், முன்பின் தெரியாத லாயம் என்று ஊர் ஊராக ஏற்றிக்கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வீட்டில் புலியாக இருந்தது வெளியூரில் குப்பைத் தொட்டியைப் பார்த்து மிரண்டு நிற்கும்.

இந்த உலகத்தில் எல்லோரும் சொல்கிற கதை ஸ்கேம்பர் என்ற குதிரையுடையது. நியூ மெக்சிகோவின் கிளேட்டன் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த சார்மெய்ன் ஜேம்ஸ், 1,100 டாலருக்கு வாங்கிய அந்தக் குதிரையில் 1984 முதல் 1993 வரை தொடர்ந்து 10 முறை உலகச் சாம்பியன் ஆனார். முதல் பட்டத்தின்போது அவருக்குப் பதினான்கு வயது. 1985ல் லாஸ் வேகாஸில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில், களத்துக்குள் பாய்கிற நேரத்தில் ஸ்கேம்பரின் கடிவாளம் கழன்றுவிட்டது. வாயிலிருந்த இரும்பையும் அது துப்பிவிட்டது. பிடித்து இழுக்க எதுவும் இல்லாமல் மூன்று பீப்பாயையும் சுற்றி முடித்தது. அந்தச் சுற்றில் முதலிடமும் அதற்குத்தான். இதை அதிசயம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரம், கால், மூச்சு ஆகியவற்றால் ஓட்டிப் பழக்கிய குதிரைக்குக் கடிவாளம் கூடுதல் காப்புதான். அன்றைக்கு அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவே.

டிவியில் காட்டுவது வேறு ரோடியோ. துள்ளுகிற குதிரை அல்லது காளை மேல், ஒரே கையால் பிடித்துக்கொண்டு 8 நொடி விழாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சவாரி செய்தவனுக்கு 50, விலங்குக்கு 50 என்று மொத்தம் 100க்கு மதிப்பெண் போடுவார்கள். ஒப்புக்கு நிற்கிற குதிரை கிடைத்தால் எப்பேர்ப்பட்ட வீரனும் தோற்பான். எது கிடைக்கும் என்பது குலுக்கல். அந்தக் குதிரைகளைக் காட்டிலிருந்து பிடித்து வந்து பட்டினி போட்டுத் துன்புறுத்துகிறார்கள் என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. தொழில்முறை ரோடியோவில் பெரும்பாலானவை துள்ளுவதற்கென்றே வம்சம் பார்த்து வளர்க்கப்பட்டவை. கனடாவின் கால்கரி ஸ்டாம்பீட் என்ற ரோடியோ அமைப்பு வளர்த்த கிரேட்டட் கோகனட் என்ற குதிரை, ஆண்டின் சிறந்த துள்ளல் குதிரை விருதை 6 முறை வாங்கியது. 4 முறை வாங்கிய மெடிசின் வுமன் ஒரு பெண்குதிரை. அடிவயிற்றுப் பக்கம் கட்டுகிற பட்டை விதையை இறுக்குகிறது என்ற வதந்திக்குப் பெண்குதிரைகளே பதில். அது பின்னங்கால் உதையை நீட்டிக்க வைக்கிற பட்டை, உள்ளே ஆட்டுரோமம் வைத்திருப்பார்கள். அந்தக் குதிரைகளுக்கு வருஷம் முழுக்க வேலை நேரத்தைக் கூட்டினாலும் சில நிமிடங்கள்தான், மிச்ச நேரம் மேய்ச்சல்.

என்னை நெருடுவது கன்றைக் கயிறு வீசிப் பிடித்துக் கட்டுகிற போட்டி. ஓடுகிற கன்றின் கழுத்தில் சுருக்கு விழுந்து, கயிறு விறைக்கிற காட்சியை நான் பாதி நேரம் வேறு பக்கம் பார்த்துத்தான் கடக்கிறேன். பண்ணையில் கன்றுக்கு மருந்து போட இதே மாதிரிதான் பிடிக்கிறார்கள் என்பது உண்மை. பண்ணையில் யாரும் நொடி எண்ணிக்கொண்டு பிடிப்பதில்லை என்பதும் உண்மை. பிரிட்டன் 1934லேயே சட்டம் போட்டு ரோடியோவுக்குக் கிட்டத்தட்ட வழியே இல்லாமல் செய்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், குதிரையின் அறிவு உச்சத்தில் தெரிவதும் இதே போட்டியில்தான். ஆள் குதித்துக் கன்றை நோக்கி ஓடும்போது முதுகில் யாரும் இல்லை. குதிரை தானாகப் பின்னங்காலை ஊன்றி, கயிறு தளராமல் அடி அடியாகப் பின்னால் போகும், கன்றின் மேலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தக் குதிரைகளுக்காகவே போட்டியாளர்கள் கடன் வாங்குகிறார்கள்.

சரி, வாழ்க்கை எப்படி? இதில் சம்பளம் கிடையாது. நுழைவுக் கட்டணம் கட்டிக் கலந்துகொள்ள வேண்டும், பரிசு வந்தால் உண்டு, வராவிட்டால் டீசல் செலவும் போச்சு. வருஷம் முழுக்க ஜெயித்த பணம்தான் தரவரிசை; ஒவ்வொரு பிரிவிலும் முதல் 15 பேருக்கு டிசம்பரில் லாஸ் வேகாஸில் தேசிய இறுதிப் போட்டி. காளை, துள்ளல் குதிரை ஏறுகிறவர்கள் ஒரு பையோடு நாலு பேர் சேர்ந்து காரில் போய்விடுவார்கள். பேரல், கயிறு ஆட்களால் அது முடியாது, குதிரையையும் கூட்டிப்போக வேண்டும். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4ஐ ஒட்டிய நாட்களைக் கௌபாய் கிறிஸ்துமஸ் என்பார்கள். அத்தனை ஊர்களில் அப்போது ரோடியோ, அத்தனை பரிசு. இரவு முழுக்க ஓட்டி, இடையில் நிறுத்திக் குதிரையை இறக்கித் தண்ணீர் காட்டி, கால் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, மறுபடி ஏற்றி ஓட்டுவார்கள். தாங்கள் சாப்பிட்டார்களா என்பது அப்புறம்.

இந்த நிலைமை முன்பு இன்னும் மோசம். 1936ல் பாஸ்டன் கார்டனில் ரோடியோக்காரர்கள் கட்டிய நுழைவுக் கட்டணம் பரிசுத் தொகையில் சேரவே இல்லை. வேலைநிறுத்தம் செய்து வாங்கினார்கள். ஒன்றுசேர இத்தனை வருஷம் ஆயிற்றே என்று தங்கள் சங்கத்துக்கு ஆமைகள் சங்கம் என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். இன்றைய தொழில்முறை ரோடியோ அமைப்பு அதிலிருந்து வந்ததுதான். எனக்கு இந்தக் கூட்டத்தின் மேல் மரியாதை வந்ததில் அந்தப் பெயருக்கும் பங்கு உண்டு. வெள்ளைக்காரர்களின் விளையாட்டு என்று நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு இன்னொன்று: ஓடுகிற மாட்டின் கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் பிரிவை உருவாக்கியவர் பில் பிக்கெட் என்ற டெக்சாஸ் கறுப்பினத்தவர். கயிறு, சேணம், தொப்பி எல்லாம் மெக்சிகோ மாட்டுக்காரர்களிடமிருந்து வந்தவை.

ஆக, எது இழுக்கிறது? புகழ் என்றால் பத்துப் பேருக்குத்தான் அது உண்டு. பணமும் இல்லை. சின்ன ஊர் ரோடியோக்களில் நான் பேசிப் பார்த்தவரை, அவர்கள் எல்லோரும் பேசுவது தங்கள் குதிரையைப் பற்றி. நேற்று இடது பக்கம் கொஞ்சம் விறைப்பாகத் திரும்பினான், இன்றைக்குப் பரவாயில்லை, பல் பார்க்க வேண்டும் என்று. தன்னைவிடப் பல மடங்கு பலமான ஒரு பிராணி, நினைத்தால் எந்த நேரமும் போய்விடலாம் என்கிற நிலையில், போகாமல் நின்று காது கொடுக்கிறது. அந்தக் கவனம் ஒரு தடவை கிடைத்துவிட்டால் டீசல் கணக்கைப் பிறகு பார்க்கலாம் என்று ஆகிவிடுகிறது. மகள் விஷயத்தில் எனக்கும் அந்த டீசல் கணக்கு அப்படித்தான் ஆகிவிட்டது.

நேரில் பார்க்க நினைக்கிறவர்களுக்கு: ஹூஸ்டனில் மார்ச்சில் நடப்பது பிரம்மாண்டம், இரவில் கச்சேரியும் உண்டு. ஐந்தாறு வயதுக் குழந்தைகளை ஆட்டின் மேல் ஏற்றிவிடுகிற போட்டிக்காகவே குடும்பத்தோடு போகலாம். ஆனால் குதிரை பார்க்க அது இடமில்லை, தூரம் அதிகம். ஃபோர்ட் வொர்த்தில் 1908ல் கட்டிய கவ்டவுன் கொலிசியத்தில் வார இறுதி இரவுகளில் ரோடியோ நடக்கிறது, மூக்குக்குப் பக்கத்தில் பார்க்கலாம். சின்ன ஊர் ரோடியோ என்றால் ஸ்லாக் எப்போது என்று விசாரியுங்கள். முக்கிய நிகழ்ச்சியில் இடம் கிடைக்காதவர்களைக் காலையிலோ நள்ளிரவிலோ ஓடவிடுகிற சுற்று அது. பெரும்பாலும் டிக்கெட் வாங்க வேண்டியிருக்காது. போனால் களத்தைப் பார்க்காமல், ஓட்டத்துக்கு முன் குதிரையை நடத்திச் சூடேற்றுகிற இடத்தில் வேலியோரம் நில்லுங்கள். தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டே கிளம்புங்கள்.