ரோஸ்டர் இரண்டையும் ஒரே லைனில் செருகாதீர்கள்

வணக்கம். 60 பேருக்குக் கோழிக்குழம்பு சூடாக்க 22 குவார்ட் (சுமார் 21 லிட்டர்) ரோஸ்டர், அதாவது மூடி போட்ட பெரிய மின்சாரப் பாத்திரம், இரண்டு வைத்தீர்கள், பிரேக்கர் விழுந்தது, நடுவில் குழம்பு சில்லென்றே இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் 15 ஆம்பியர் லைன் (ஒரே பிரேக்கரில் ஓடும் மின்சுற்று) 1800 வாட் வரைதான் தாங்கும். இந்த அளவு ரோஸ்டர் ஒன்றே சுமார் 1450 வாட் இழுக்கும். தனித்தனி லைனில் செருகுங்கள். பக்கத்துப் பிளக் பெரும்பாலும் அதே லைன்தான்.

ரோஸ்டரில் சூட்டுக் கம்பி பக்கச் சுவரைச் சுற்றித்தான் ஓடும், அடியில் இருக்காது. அதனால் நடுப்பகுதி மெதுவாகத்தான் சூடேறும். ஃபிரிட்ஜில் இருந்ததை அப்படியே கொட்டாமல், அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்டு ஊற்றுங்கள். பரிமாறி முடியும்வரை 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. தெர்மாமீட்டரை நடுவில் விட்டுப் பாருங்கள். அப்புறம், மூடியை அடிக்கடி திறக்காதீர்கள்.