ரோடு பிளான் தப்பானால் காண்டிராக்டருக்கு என்ன நஷ்டம்?

பிளான் தப்பென்றால் அரசுக்குத்தானே நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் அடி காண்டிராக்டருக்குத்தான்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் கோடையில் வெறும் பள்ளமாகக் கிடக்கும். சர்வே எடுத்தவர் அதைக் கவனிக்காவிட்டால் பிளானில் பாலமே இருக்காது. ஐப்பசி மழையில், போட்ட மண்மேட்டில் தண்ணீர் முட்டி நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். அப்புறம் திருத்திய பிளான் வரும்வரை ஜேசிபியும் ரோலரும் சும்மா நிற்கும், வாடகை நிற்காது. மண் என்று நினைத்து ரேட் போட்ட இடத்தில் செம்பாறை தட்டினாலும் இதே கதைதான்.

அளந்து பணம் தரும் ஒப்பந்தம் என்றால் கூடுதல் வேலைக்குக் கேட்டு வாங்கலாம், என்ன, தாமதமாகும். சர்வே, டிசைன் முதல் கட்டுமானம் வரை ஒருவரிடமே விடும் இபிசி (EPC) முறையில் டிசைனே காண்டிராக்டர் பொறுப்பு, தொகையும் மொத்தமாகப் பேசியது; பெரும்பாலும் கைக்காசுதான். விவரமானவர்கள் டெண்டர் போடுமுன் அந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சியை, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஆளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்துவிடுவார்கள்.